பிறந்த குழந்தை மலத்தில் ரோட்டா: கார்டு, எலைசா, பிசிஆர் – எதை நம்புவது?

நெல்லை_லேப்:
என்ஐசியூ (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) சாம்பிளுக்கு எங்களிடம் ரோட்டா–அடினோ கார்டு (இந்த இரண்டு வயிற்றுப்போக்கு வைரஸ்களையும் கோடு போட்டுக் காட்டும் விரைவுச் சோதனை) மட்டும்தான் இருக்கிறது. 6 நாள், 9 நாள் குழந்தைகளுக்கு ரோட்டா கோடு மங்கலாக விழுகிறது. அதில் சிலருக்கு வயிற்றுப்போக்கே இல்லை. கார்டு பொய் சொல்கிறதா? எலைசா (வைரஸ் புரதத்தை நிற மாற்றத்தால் அளக்கும் தட்டுச் சோதனை) போடலாமா, நேரே மல்டிபிளெக்ஸ் பிசிஆர் (பல கிருமிகளின் மரபணுவை ஒரே ஓட்டத்தில் பெருக்கிப் பார்ப்பது) வாங்கிவிடலாமா? மெக்கோனியம் (பிறந்ததும் வரும் கரும்பச்சை முதல் மலம்) கலந்து வந்தால் என்ன செய்வது?

எலைசா_தட்டு:
முதலில் நேரத்தைப் பாருங்கள். கிட் தாளில் 10 நிமிடம் என்றிருந்தால் 10 நிமிடம்தான். அரை மணி கழித்துத் தெரியும் கோட்டை எழுதவே கூடாது, ஸ்டிரிப் காயும்போது திரவம் பின்வாங்கிப் பொய்க்கோடு வரும். பச்சிளங்குழந்தை மலம் சளியாக இருக்கும். அதைத் தெளிய விடாமல் ஊற்றினால் ஓட்டம் நடுவில் நிற்கும், கன்ட்ரோல் கோடும் (சோதனை சரியாக ஓடியதற்கான அடையாளம்) வராது. குழாயைச் சற்று நிறுத்தி வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள்.

அறிகுறி இல்லாத பாசிட்டிவ் எல்லாம் பொய் பாசிட்டிவ் அல்ல. வேலூரில் பிறந்த குழந்தைகளிடம் கண்ட ஜி10பி[11] வகை ரோட்டா (ஜி, பி என்பவை வைரஸின் வெளிப்புரத வகைகள்), வயிற்றுப்போக்கு உள்ளவரிடமும் இருந்தது, இல்லாதவரிடமும் இருந்தது. ரோட்டாவாக் தடுப்பு மருந்தின் 116இ வைரஸே டெல்லியில் அறிகுறியில்லாத பிறந்த குழந்தைகளிடமிருந்து எடுத்ததுதான்.

எலைசாவும் கார்டும் பெரும்பாலும் தேடுவது ரோட்டாவின் ஒரே விபி6 புரதத்தை. எலைசாவின் லாபம், ஓடி எண் (நிறத்தின் அடர்த்தி அளவு) கையில் கிடைப்பது. 10% மலக் கரைசல், கிட் சொன்ன அளவு, கிட் சொன்ன கழுவல். கழுவலில் ஒன்று குறைந்தாலும் தட்டு முழுக்க மஞ்சள் ஏறும். கட்-ஆஃபுக்கு (பாசிட்டிவ் என்று எழுதும் எல்லை எண்) சற்று மேலே நிற்கும் சாம்பிளுக்கு பிளாக்கிங் போடுங்கள்: ஒரு பங்கை ரோட்டா எதிர்சீரத்தோடும் (ரோட்டாவைப் பிடிக்கும் ஆன்டிபாடி உள்ள சீரம்) இன்னொரு பங்கைச் சாதா சீரத்தோடும் ஊறவைத்து மறுபடி ஓட்ட வேண்டும். எதிர்சீரம் போட்டதில் ஓடி பாதிக்குக் கீழே இறங்கினால் உண்மை. இறங்காவிட்டால் வேறு ஏதோ ஒட்டியிருக்கிறது. பிறந்த குழந்தை மலத்தில் இது அடிக்கடி நடப்பதுதான்.

பிசிஆர்_பெஞ்ச்:
மெக்கோனியம்தான் பிசிஆருக்கு எமன். பித்த உப்பும் சர்க்கரைக் கூட்டுப்பொருளும் என்சைமை அடக்கிவிடும். எனவே லைசிஸ் பஃபரில் (வைரஸை உடைக்கும் கரைசல்) எம்எஸ்2 (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) போன்ற இன்டர்னல் கன்ட்ரோல் சேர்க்காத நெகட்டிவை நெகட்டிவ் என்று எழுதாதீர்கள். எம்எஸ்2 சிடி (எத்தனையாவது சுற்றில் சிக்னல் தெரிகிறது என்ற எண்; வைரஸ் குறைந்தால் இது கூடும்), தண்ணீர் கன்ட்ரோலைவிட 3 தாண்டிப் பின்தங்கினால் எடுத்த ஆர்என்ஏவை 1:10 நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். முறையாக 10 மடங்கு நீர்த்தால் சிடி சுமார் 3.3 ஏறணும். ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ தடை இருந்தது உறுதி.

ரோட்டாவின் ஆர்என்ஏ இரட்டை இழை. ஆர்டி படிக்கு (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் படி) முன் 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, உடனே ஐஸில் அழுத்தணும். குழாயை மேசையில் ஆறவிட்டால் இழைகள் மறுபடி சேர்ந்துகொள்ளும், சிடி வீணாகப் பின்தள்ளும்.

மல்டிபிளெக்ஸ் பேனல் வாங்குவதானால் ஒன்று யோசியுங்கள்: சிலது உண்டு/இல்லை மட்டும் சொல்லும், சிடி தராது. பிறந்த குழந்தையில் சிடி இல்லாத பாசிட்டிவ் பாதிப் பதில்தான். சிடி 36ல் கிடைத்த ரோட்டாவை நோய்க்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. அதே பேனல் சி.டிஃபிசில் (ஒரு குடல் பாக்டீரியா) பாசிட்டிவ் என்றும் அச்சடிக்கும். கைக்குழந்தை குடலில் அது சும்மா தங்கியிருக்கும், அதைப் பார்த்து யாராவது மருந்து எழுதிவிடக் கூடாது. அதற்காக பிசிஆரே வேண்டாம் என்று சொல்லவில்லை. நோரோ வைரஸுக்குக் கார்டின் உணர்திறன் மோசம், ஆஸ்ட்ரோ வைரஸுக்கும் பிசிஆர்தான் வழி. அடினோ கார்டு பலதும் பொதுவான ஹெக்சான் புரதத்தைத்தான் பிடிக்கும், வயிற்றுப்போக்கு தரும் 40/41 வகை என்று பிரிக்காது.

வார்டு_டாக்டர்:
சாம்பிள் சரியில்லாமல் டெஸ்டைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. டயபர் நீர்மலத்தை உறிஞ்சிவிடும். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து, 1 மில்லி சிரிஞ்சில் எடுக்கச் சொல்லுங்கள். சிறுநீர் கலந்தால் வேண்டாம். உடனே 2–8 டிகிரி.

குறைமாதக் குழந்தை 6 வாரம் தாண்டியும் வார்டில் இருந்தால் ரோட்டா சொட்டு மருந்து போட்ட தேதியை ஃபாரத்தில் எழுதச் சொல்லுங்கள். தடுப்பூசி வைரஸும் மலத்தில் வரும். ரோட்டாவாக் ஜி9பி[11] வகை, அதனால் பி[11] என்று டைப்பிங் வந்தாலும் வார்டில் பரவிய வைரஸா, தடுப்பு மருந்து வைரஸா என்று அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

நெல்லை_லேப்:
பிசிஆருக்குப் பட்ஜெட் இப்போது இல்லை. கார்டு, பிறகு எலைசா, சந்தேகத்துக்கு பிளாக்கிங் என்று வைத்துக்கொள்ளட்டுமா? ஒரே வார்டில் நாலு பேருக்கு வந்தால்?

எலைசா_தட்டு:
வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு வந்தால் பேஜ் ஜெல் (ஆர்என்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரிப்பது) ஓட்டி வெள்ளிச் சாயம் ஏற்றுங்கள், செலவு குறைவு. குரூப் ஏ ரோட்டா என்றால் 11 பட்டை 4-2-3-2 என்று நிற்கும். நாலு லேனிலும் பட்டைகள் ஒரே உயரத்தில் இருந்தால் ஒரே வைரஸ் சுற்றுவதாகத்தான் எடுத்துக்கொள்ளணும். மலம் பழசாகி ஆர்என்ஏ சிதைந்தால் பட்டை தெரியாது. அதனால் மீதி மலத்தை மைனஸ் 70ல் போட்டு வையுங்கள், எடுத்தெடுத்து உருக்காதீர்கள்.