கோட்டிங் உள்ள ஓவர்சைஸ் பிஸ்டன்: எதை அளந்து போர் போடுவது?

கேள்வி:
வணக்கம். ஏர்கூல்டு சிங்கிள் சிலிண்டர் இன்ஜின், 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்). சிலிண்டரில் கோடு விழுந்துவிட்டதால் 0.50 மி.மீ. ஓவர்சைஸ் (பழையதைவிடப் பெரிய) பிஸ்டன் வாங்கியிருக்கிறேன். ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ப்பகுதிச் சுவர்) இரண்டு பக்கமும் கருஞ்சாம்பல் நிறத்தில் கோட்டிங். அதன் மேல் மைக்ரோமீட்டர் வைத்தால் 70.47 காட்டுகிறது. பெட்டியில் வந்த தாளில் கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடும் இடைவெளி) 0.05 என்று மட்டும் போட்டிருக்கிறது. அப்படியானால் போர் 70.52-ஆ? கோட்டிங்கை எமரியால் தேய்த்துவிட்டு அளக்கச் சொல்கிறார் நண்பர்.

பதில்:
எமரி பக்கமே போகாதீர்கள் தம்பி. அது மாலிப்டினம் டைசல்ஃபைடு, கிராஃபைட் மாதிரியான பொருளை ரெசினில் கலந்து பூசும் உலர் மசகு. வண்டியைக் கிளப்பி, ஆயில் மேலே வருவதற்குள் ஸ்கர்ட்டைக் காப்பதே அதுதான்.

போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), ஹோனிங் (அதைக் கல்லால் தேய்த்து முடிப்பது), இதுதான் என் தொழில். கோட்டிங் படாத சின்ன வட்டம் ஸ்கர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். சில பிஸ்டன்களில் அளப்பதற்கென்றே விட்டிருப்பார்கள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னுக்குக் குறுக்கே, தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில்தான் அளக்க வேண்டும். பிஸ்டன் நேர் உருளை கிடையாது. அந்தப் பின் இருக்கும் திசையில் ஒடுங்கியிருக்கும், மேலே போகப் போக இன்னும் சிறுக்கும்.

கேட்டவர்:
வட்டம் இருக்கிறது அண்ணா. அங்கே 70.45. அப்போ போர் 70.50 போதுமா?

பதில்:
அவசரப்படாதீர்கள். அந்த 0.05 உலோகத்தின் மேலா, கோட்டிங்கின் மேலா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு விதமாகவும் கொடுக்கிறார்கள். வித்தியாசம் 0.02 தானே என்று தோன்றும், 0.05-ல் அது ஐந்தில் இரண்டு பங்கு! லூசாகப் போனால் கோட்டிங் தேய்ந்து படிந்த பிறகு, குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் தட்டும் சத்தம் கேட்கும். டைட்டாகப் போனால் சீஸ்தான், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டரின் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூட்டைச் சமமாக வைக்க இங்கே தண்ணீரும் இல்லை. அதனால் வாட்டர்கூல்டு இன்ஜினின் கிளியரன்ஸை இதற்குக் கொண்டுவரவே கூடாது.

இன்னொன்று. போர் போட்ட கையோடு அளக்க விடாதீர்கள். சிலிண்டர் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தாலே போர் 0.015 பெரிதாகக் காட்டும். பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே இடத்தில் ஆறிக் கிடக்கட்டும். பிஸ்டன் கையில் இல்லாமல் ‘0.50 போட்டுக் கொடுங்கள்’ என்று சிலிண்டரை மட்டும் அனுப்புவது சரியே இல்லை. போர் பிஸ்டனைப் பார்த்துத்தான் அமைய வேண்டும்.

வேறொருவர்:
ரிங் கேப்பையும் (பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) பார்த்துவிடுங்கள். ரிங்கைப் போருக்குள் வைத்துப் பிஸ்டன் தலையால் தள்ளினால் நேராக உட்காரும். அப்புறம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்கலாம். தாளில் அளவு இல்லையென்றால், போரில் மில்லிமீட்டருக்கு 0.004 என்பது பொதுக் கணக்கு. உங்களுக்கு 0.28 வரும்.

கேட்டவர்:
தயாரிப்பாளர் பதில் அனுப்பிவிட்டார்: 0.05 உலோகத்தின் மேல்தான். 70.50 போடச் சொல்லிவிட்டேன். ஹோனிங் முடிந்ததும் பெட்ரோலில் கழுவினால் போதுமா அண்ணா?

பதில்:
போதாது. பெட்ரோல் எண்ணெயை எடுக்கும். கல் துகள் ஹோனிங் கோடுகளுக்குள்ளேயே நிற்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷால் தேயுங்கள். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டு உள்ளே துடைத்தால் துணி சாம்பல் நிறமாகக் கூடாது. சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். சுத்தமானதும் உடனே ஆயில் பூசுங்கள், இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு ஏறும். பின்னுக்குப் புது சர்க்ளிப் (பின் வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) போடுங்கள், பழையது வேண்டாம்.