அம்மாவின் தீராத வறட்டு இருமல்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள்:
அறுபதைக் கடந்த என் அம்மாவுக்கு ஒரு மாதத்துக்கு மேலாக வறட்டு இருமல். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தும், இருமல் பாணி கொடுத்தும் அடங்கவில்லை. காய்ச்சலோ சளியோ இல்லை. என்ன செய்யலாம்?

கல்முனை வாசகர்:
தங்கச்சி, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலென்றால் முதலில் காசநோய் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். சளி வராவிட்டால் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அக்கரைப்பற்று வாசகி:
அம்மா பிரஷருக்கு எனலாப்ரில் குளிசை எடுக்கிறாரா? அவ்வகைக் குளிசைகள் பிராடிகைனின் என்ற பொருளை உடலில் தேங்கவிடுவதால், தொடங்கிச் சில மாதங்களுக்குப் பிறகுகூட இத்தகைய இருமலை உண்டாக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாமல் கிளினிக் கொப்பியை வைத்தியரிடம் காட்டுங்கள். லொசார்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றினாலும் இருமல் முற்றாக அடங்கச் சில வாரங்கள் செல்லும்.

கேட்டவர்:
எனலாப்ரில்தான், அக்கா. அடுத்த கிளினிக் வரை காத்திராமல் நாளையே கூட்டிச் செல்கிறேன். எக்ஸ்ரே பற்றியும் கேட்பேன்.