பொருள்: எல்.எஸ்.டி. கப்பலுக்கு ஒரு தமிழ்ச்சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

எல்.எஸ்.டி. என்பது Landing Ship, Tank: போர் டாங்கிகளைக் கரையில் இறக்கும் கப்பல். அவ்வகையில் எல்.எஸ்.டி.-325இன் பணி வரலாறு கட்டுரையாகி வருகிறது. 1942 அக்டோபரில் பிலடெல்பியாவில் நீரில் இறங்கி, 1943 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த கப்பல். வரைவில் 'தாங்கி தரையிறங்கு கப்பல்' என்று இருக்கிறது. தலைப்பிலேயே வருவதால் இதைவிடச் சுருக்கமாகக் கிடைத்தால் நல்லது.

அன்புடன்.

---

> தாங்கி தரையிறங்கு கப்பல்

இரண்டு இடத்தில் இடிக்கிறது ஐயா. தாங்கி என்றால் ஈழத்தில் தண்ணீர்த் தாங்கி. 'தாங்கிக் கப்பல்' என்றால் எவரும் எண்ணெய்க் கப்பலைத்தான் நினைப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த வகையின் முன்னோடிகள் உண்மையிலேயே எண்ணெய்க் கப்பல்கள். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்காக ஆழம் குறைவாகக் கட்டிய மிசோவா, டசஹெரா, பச்சக்கேரோ மூன்றையும் பிரிட்டன் அணியத்தில் (முன்முனையில்) கதவு வைத்து டாங்கி இறக்கும் கப்பல்களாக மாற்றியது. அந்தப் பத்தியை எழுதும்போது 'தாங்கிக் கப்பலைத் தாங்கிக் கப்பலாக்கினர்' என்றாகிவிடும். டாங்கி என்றே இருக்கட்டும்.

அடுத்து, இறங்குவது கப்பல் அல்ல, டாங்கி. பிறவினைதான் வேண்டும்: தரையிறக்கு.

---

'தரையிறக்கு' என்பதில் இந்தக் கப்பலின் தனித்தன்மை தெரியவில்லையே? படைவீரரை ஏற்றிவந்து, தொலைவில் நின்றபடி படகுகளில் இறக்கிவிடும் கப்பலும் தரையிறக்குகிறது. கரையில் முகத்தை வைப்பது இதுதான். 'கரையேறு கப்பல்' என்றால் சுருக்கமாகவும் இருக்கும்.

---

கரையேறு வேண்டாம். இது ஏறுவதே இல்லை. ஏறிவிட்டால் திரும்ப முடியாது. வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் சொல் தானாக வரும்.

நீளம் 100 மீட்டர். இவ்வளவு பெரிய கப்பல் பெருங்கடலைக் கடக்க ஆழமாக அமிழ வேண்டும், கரையில் ஆழமே கூடாது. 1941 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் வடிவமைப்பாளர் ஜான் நீடர்மேயர் வரைந்த வடிவமைப்பு இதை அடிபாரத் தொட்டிகளால் தீர்த்தது: கடலில் கடல்நீரை நிரப்பிக்கொள், கரைக்கு முன் இறைத்துவிடு. 500 டன் சரக்கோடு கரைக்கு வரும்போது அணியம் ஏறத்தாழ 1.2 மீட்டர், பின்புறம் 3 மீட்டர் அமிழ்ந்திருக்கும். அடிப்பகுதியும் 50க்கு 1 என்ற சரிவில், கடற்கரையின் சரிவை ஒட்டியே அமைந்தது.

கரையை நெருங்கும்போது, முட்டுவதற்கு முன்பே பின் நங்கூரத்தைப் போட்டு, வின்ச்சிலிருந்து (வடம் சுருட்டும் எந்திரம்) கம்பிவடத்தை விட்டுக்கொண்டே போவார்கள். அணியம் மணலில் அமர்ந்ததும் கதவு இரண்டும் விரியும், சாய்தளம் இறங்கும். திரும்பும்போது எந்திரம் பின்னோக்கி ஓட, வின்ச் வடத்தைச் சுருட்டிக் கப்பலை இழுக்கும். வடம் தொய்ந்தாலோ நங்கூரம் மணலை உழுதுகொண்டு வந்தாலோ அலை பின்புறத்தைத் தள்ளி, கப்பல் கரைக்கு இணையாகச் சாய்ந்து கிடக்கும். அதற்கு 'குறுக்கே விழுதல்' என்றே எழுதலாம்.

இன்னொரு தொல்லை மணல்திட்டு. இரண்டாம் உலகப்போரின் சிசிலிப் படையிறக்கத்தில், கரைக்கு முன்பே திட்டில் தட்டி நின்றார்கள். திட்டுக்கும் கரைக்கும் நடுவே வண்டி மூழ்கும் ஆழம். அதனால்தான் மிதவைப் பாலங்கள் கொண்டுபோனார்கள்.

ஆக, இந்தச் செயலுக்குத் தனிச்சொல் வேண்டும். 'தரைதட்டுதல்' விபத்து, செய்தித்தாளில் அப்படித்தான் வருகிறது. 'கரையொதுங்குதல்' பிணத்துக்கும் கட்டைக்கும். வேண்டுமென்றே செய்வதற்குக் 'கரைபிடித்தல்' என் பரிந்துரை. கப்பலின் பெயரில் அதைத் திணிக்க வேண்டியதில்லை.

---

முந்தைய மடலை ஏற்கிறேன். பெயரில் 'தரையிறக்கு' இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு 325இன் வரலாறே சான்று. 1944 டிசம்பர் 28 அன்று ஆங்கிலக் கால்வாயில் மூழ்கிக்கொண்டிருந்த எம்பயர் ஜாவலின் என்ற கப்பலிலிருந்து ஏறத்தாழ 700 பேரை அது மீட்டது. எம்பயர் ஜாவலின் காலாட்படையை இறக்கும் வகை. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும்: 'டாங்கித் தரையிறக்கு கப்பல் ஒன்று, காலாட்படைத் தரையிறக்கு கப்பலில் இருந்தோரை மீட்டது.' கரையேறு என்று வைத்தால் இந்த உறவு அறுந்துபோகும். சிறியவற்றுக்குத் 'தரையிறக்கு படகு'.

நீளம்தான், ஆனால் முதல் முறை முழுப்பெயர், பிறகு எல்.எஸ்.டி. போதும். 325 என்ற எண்ணையும் மொழிபெயர்க்க வேண்டாம். போர்க்காலத்தில் இவற்றுக்குப் பெயரே கிடையாது, 1955இல்தான் அமெரிக்கக் கடற்படை மிஞ்சியவற்றுக்கு மாவட்டப் பெயர்களைச் சூட்டியது. 1964இல் கிரேக்கத்துக்குப் போனபின் 'சிரோஸ்' என்ற பெயரில் இருந்ததால், அந்தப் பகுதியில் மட்டும் சிரோஸ் என்று எழுதுங்கள். 2001 ஜனவரியில் முன்னாள் படைவீரர்கள் அமெரிக்காவின் மொபீல் துறைமுகத்துக்கு ஓட்டிவந்த இடத்தில் மறுபடி 325.