புதுப்பிப்பு: பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டேன்

மனம் சோர்ந்த நாட்களில் தனியாகக் கீபோர்டு வாசித்தால் போதுமா, குழுவாகப் பாடப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய்ப் பார் என்று பலரும் சொன்னீர்கள். போனேன், மனமார்ந்த நன்றி.

தனியாக வாசிப்பதும் ஆறுதல்தான், அதை விடவில்லை. ஆனால் குழுவில் நடப்பது வேறு. ஒரே வரியைப் பாடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்து, நீளமாக விடுகிறோம். அந்த நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடியவர்களின் இதயத் துடிப்பு ஒத்திசைந்து ஏறி இறங்கியது பதிவாகியிருக்கிறது. படித்ததும் சிலிர்த்துப் போனேன். நான் உணர்ந்தது அதைத்தான்.

புதியவர்களிடம் சட்டென்று பேச வராத எனக்கு, பாடிய பிறகு பேச்சு தானாக வருகிறது. அப்புறம், நல்ல குரல் வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், தயங்காமல் சேருங்கள்.