சுரங்கம் முடிந்த நிலத்தில் மரம் நட்டால் விலங்குகள் திரும்புமா?

கேள்வி

காட்டை ஒட்டிய ஒரு திறந்தவெளிச் சுரங்கத்துக்கு நிலச் சீரமைப்புத் திட்டம் தயாரிக்கும் குழுவில் பணிபுரிகிறேன். தோண்டிய குழிகளைக் கழிவு மண்ணால் நிரப்பி, நன்றாகச் சமன்செய்து, விரைவாக வளரும் ஒரே வகை மரத்தை நெருக்கமாக நடுவது என்று வரைவில் எழுதப்பட்டுள்ளது. சில ஆண்டுகளில் இடம் பசுமையாகிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே வாழ்ந்த பறவைகளும் ஊர்வனவும் சிறு பாலூட்டிகளும் அதை மீண்டும் வாழிடமாக ஏற்குமா? குத்தகைப் பரப்பில் பாதி இன்னும் தோண்டப்படவில்லை என்பதால், இப்போதே செய்ய வேண்டியது எது என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1

தோண்டப்படாத அந்தப் பாதிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய வாய்ப்பு. காட்டு மண்ணில் உறங்கும் விதைகளில் பெரும்பகுதி மேலுள்ள சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. அந்த மேல்மண்ணை வழித்துக் குவியலாகப் போட்டுவைத்தால், உட்பகுதியில் காற்றோட்டம் அற்றுப்போய் விதைகளும் வேர்களோடு இணைந்து வாழும் பூஞ்சைகளும் படிப்படியாக மடிகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா என்ற யூகலிப்டஸ் வகை மரங்கள் நிறைந்த காடுகளில் பாக்சைட் (அலுமினியத் தாது) எடுக்கும் இடங்களில், புதிதாகத் திறக்கும் பகுதியிலிருந்து வழித்த மேல்மண்ணை, நிரப்பி முடிந்த பழைய குழியின் மேல் இயன்றவரை உடனடியாகப் பரப்பும் முறையைக் கையாண்டிருக்கிறார்கள். நாற்றங்காலில் வளர்க்கக் கடினமான பல செடிகளும் இதனால் தாமாகவே முளைக்கின்றன. இதற்கு அடியிலுள்ள மண்ணோடு மேல்மண் கலக்காமல் இருக்க வேண்டும். வறண்ட பருவத்தில் வழிப்பதும் நல்லது.

மரங்களை அகற்றும்போது இனப்பெருக்கக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். சுரங்கப் பக்கத்திலிருந்து தொடங்கி, அழியாத காட்டை நோக்கி வெட்டிச் சென்றால், விலங்குகள் தப்பிச் செல்ல வழி கிடைக்கும். எதிர்ப்புறமிருந்து தொடங்கினால் அவை நடுவில் சிக்கிக்கொள்ளும்.

பதில் 2

மேலுள்ள பதிலோடு உடன்படுகிறேன். ஆயினும் வரைவில் உள்ள "நன்றாகச் சமன்செய்து" என்ற சொற்களே எனக்குக் கூடுதல் கவலை தருகின்றன. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சுரங்க நிலச் சீரமைப்புச் சட்டத்துக்குப் பின், அப்பலாச்சிய மலைகளின் நிலக்கரிச் சுரங்கங்களில் சரிவும் மண்ணரிப்பும் ஏற்படாதிருக்கப் புல்டோசரால் மண்ணை இறுக்கி, அடர்ந்த புல்லை விதைத்தார்கள். அந்த இறுகிய மண்ணில் மரவேர் இறங்கவில்லை, முளைத்த கன்றுகளையும் புல் நெருக்கியது. காடு இருந்த இடங்கள் பல புல்வெளிகளாகவே நின்றுவிட்டன. பின்னர் அங்குள்ள வனவியலாளர்கள், மேலே குறைந்தது 1.2 மீட்டர் மண்ணை இறுக்காமல் விட வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். மேடுபள்ளமான நிலம் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குப் பிடிக்காமல் போகலாம். வேர்களுக்கு அதுவே தேவை.

வெட்டிய மரங்களின் பருத்த தண்டுகளையும் வேர்க்கட்டைகளையும் எரித்துவிடாமல் பாறைகளோடு சேர்த்து ஆங்காங்கே குவித்தால், பல்லிகளுக்கும் சிறு பாலூட்டிகளுக்கும் முதல் ஆண்டிலேயே மறைவிடம் கிடைக்கும். மரப்பொந்துகள் உருவாகப் பல தலைமுறைகள் ஆகும் என்பதால், எல்லையோரத்தில் நிற்கும் முதிய மரங்களைத் தொடாமல் விடுவது புதிதாக நடுவதைவிட முக்கியமானது. கூடுப்பெட்டிகள் இடைக்கால ஏற்பாடு மட்டுமே.

கேள்வி கேட்டவர்

மேல்மண்ணை நேரடியாக மாற்ற வேண்டுமென்றால் தோண்டும் வரிசையையே மாற்ற வேண்டும் என்கிறார் ஒப்பந்தக்காரர். இன்னொரு ஐயமும் உண்டு: கடைசிக் குழியை நீர்நிலையாக விடலாமா?

பதில் 3

வரிசையை மாற்றத்தான் வேண்டும். சீரமைப்பைச் சுரங்கத் திட்டத்தின் பிற்சேர்க்கையாக எழுதினால், மண் கைக்கு வரும்போது அதைப் பரப்பும் இடம் தயாராக இருக்காது.

நீர்நிலையைப் பொறுத்தவரை, பாறையில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். காற்றும் நீரும் பட்டால் அதிலிருந்து அமிலம் உருவாகி உலோகங்களைக் கரைத்துவிடும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், இப்படி அமில நீர் நிறைந்த பழைய செப்புச் சுரங்கமான பெர்க்லி குழியில் 1995இல் வந்திறங்கிய பனி வாத்துகளில் 342 இறந்தன. நீர் நல்லதாக இருந்தாலும், செங்குத்துக் கரையால் பயன் குறைவு. நாணல் வளரும் ஆழமற்ற ஓரம் வேண்டும். மண்சுவர்களில் சிலவற்றை மட்டும் அப்படியே விட்டால், மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் வளை தோண்டும். பழைய சுரங்கவழி ஏதேனும் இருந்தால், அதை மண்ணால் அடைக்குமுன் வௌவால்கள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால், ஆட்கள் நுழைய முடியாதபடி கிடைமட்டக் கம்பிகள் பொருத்திய கதவை அமைக்கலாம்.

இவை அனைத்துக்கும் முன்னதாக, தோண்டாத பாதியில் இப்போது என்னென்ன வாழ்கின்றன என்பதை ஓராண்டு முழுவதும் பதிவுசெய்யுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேறு அளவுகோல் கிடைக்காது.