எதிரிகள் திரும்பத் திரும்ப வந்தால் சலிக்குமா?

கேள்வி: எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை (2022) தொண்ணூறு மணி நேரம் ஆடிவிட்டேன். அதில் எர்ட்ட்ரீ அவதார் என்ற பெரிய எதிரி மறுபடி மறுபடி வருவது சலிப்பாக இருக்கிறது. செகிரோ என்ற கேமில் எதிரி வகைகள் குறைவு, ஆனால் அது சலிக்கவே இல்லை. ஏன்?

பதில் 1: செகிரோவில் ஒவ்வொரு அடிக்கும் தனிப் பதில் உண்டு. ஆபத்தான அடி வரும்போது சிவப்பு எழுத்து மின்னும். ஈட்டிக் குத்து என்றால் எதிரியை நோக்கியே பாய்ந்து ஈட்டியை மிதிக்கணும். காலை வாரும் வீச்சு என்றால் குதிக்கணும். அந்த அரை நொடிதான் சண்டையே. எதிரிக்கு உயிர் மிச்சமிருந்தாலும் நிலைகுலைந்தால் ஆள் காலி.

பதில் 2: எல்டன் ரிங்கையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் வரும் மார்கிட் என்ற பெரிய எதிரி கைத்தடியை ஓங்கி அப்படியே நிறுத்துவான். பயந்து, தப்பிக்க முன்னாடியே உருண்டால் அடி விழும்!

கேட்டவர்: ஆமாம், மார்கிட்டிடம் இரண்டு நாள் திணறினேன். ஒரு நிமிடம்கூடச் சலிக்கவில்லை.