வெள்ளைக்கல் லாரிகளுக்குப் பள்ளி நேரத் தடையா, எடைக் கட்டுப்பாடா? (விவாதம்; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுபவரின் புனைபெயர்)

நகரமலை அடிவாரம்

கோரிக்கை ஒன்றுதான். சேலத்தில் மாமாங்கம், வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடி பக்கம் காலை 8 முதல் 9.30 வரை, மாலை 3.45 முதல் 5.15 வரை டிப்பர் லாரி ஓடக் கூடாது. வெள்ளைக்கல்லோ (மேக்னசைட்), அதோடு வெட்டி எடுக்கும் டூனைட் பாறையோ, ஜல்லியோ, எம்-சாண்டோ, எதுவானாலும் சரி.

டிப்பரின் முகப்பை ஒட்டி நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை ஓட்டுநர் கண்ணில் படாது. இடப்பக்கக் கதவுக்குக் கீழே சைக்கிளில் வரும் பிள்ளையும் படாது. இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தைவிட உள்வாங்கித்தான் பின்சக்கரம் வரும். சைக்கிள் மாட்டுவது அங்கேதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி, ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கில் கால் வைக்கும் ஒன்றரை விநாடிக்குள் 17 மீட்டர் போய்விடும். நிற்க இன்னும் 15 மீட்டராவது வேண்டும். நடைபாதை இல்லாத ரோட்டில் பிள்ளைகளையும் லாரியையும் ஒரே நேரத்தில் விடுவது தவறு.

டிப்பர் கணக்கு

அடிவாரம் அண்ணா, உங்க அக்கறை நியாயமானதுங்க. ஆனா தடை போட்டா லாரி எங்க போகும்? சர்வீஸ் ரோட்டுல வரிசையா நிக்கும், 9.30க்கு எல்லாம் ஒண்ணா கிளம்பும். ஓட்டுநருக்குக் கூலி நடைக் கணக்கு. விட்ட நடையைப் பிடிக்கத்தான் பார்ப்பாங்க. பள்ளிக்கூடம் தாண்டி ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் நடந்து போறவங்க அந்த வேகத்துல மாட்டுவாங்க.

வேர் எடையில இருக்குங்க. சரக்கு பேசுறது யூனிட்டுல, சட்டம் பேசுறது டன்னுல. ஒரு யூனிட்னா 100 கன அடி, 2.83 கன மீட்டர். ஜல்லின்னா யூனிட்டுக்கு நாலேகால் டன்னாவது வரும். வெள்ளைக்கல்லும் டூனைட்டும் ஜல்லியை விடக் கனம், யூனிட்டுக்கு 5 டன்னை ஒட்டி வரும். அதே பாடி, அதே நாலு யூனிட்டுன்னு கண்ணளவுல ஏத்தினா 20 டன் ஆயிடும்.

ஆறு சக்கர லாரிக்கு 2018ல உயர்த்தின வரம்பு வண்டியோட சேர்த்து 18.5 டன். வெறும் டிப்பரே ஆறரை டன்னுக்குக் குறையாது. அப்ப சரக்கு 12 டன். வெள்ளைக்கல்லுல ரெண்டரை யூனிட்டைத் தொடக் கூடாது. நாலு யூனிட் ஏத்துற வண்டியில பிரேக், பட்டை, டயர் எல்லாமே 8 டன் கூடுதலாச் சுமக்குது. நீங்க சொன்ன நிறுத்தத் தூரம் அளவான லோடுக்குத்தான் பொருந்தும். சூடான டிரம்மோட இறக்கத்துல வர்ற ஓவர்லோடு வண்டிக்கு அந்தக் கணக்கே கிடையாது.

நகரமலை அடிவாரம்

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 60 டன் போக வேண்டும். நடைக்கு 20 டன் என்றால் மூன்று நடை, 12 டன் என்றால் ஐந்து நடை. எடையைக் குறைத்தால் பிள்ளைகள் முன்னால் கூடுதலாக இரண்டு முறை லாரி போகும். இதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்? எடை மேடை, ஆர்டிஓ சோதனை எல்லாம் ஊன்ற ஆண்டுக் கணக்காகும். நேரத் தடைக்கு இரண்டு போலீஸ்காரரும் ஒரு தடுப்பும் போதும்.

தார்ச்சாலை

அந்த ஐந்து நடையும் மூன்று நடையும் ரோட்டுக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். அச்சுச் சுமை கூடினால் சேதம் நேர்விகிதத்தில் கூடுவதில்லை, ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடும். 1950களின் முடிவில் அமெரிக்காவில் லாரிகளை ஓட்டியே நடத்திய சாலைச் சோதனையில் கிடைத்த விதி இது. இன்றும் சாலை வடிவமைப்புக்கு அடிப்படை இதுதான்.

நான்கு டயர் கொண்ட பின் அச்சுக்கு வரம்பு 11.5 டன். 20 டன் சரக்கு ஏற்றினால் அந்த அச்சில் 19 டன்னுக்கு மேல் இறங்கும். வரம்பைப் போல 1.7 மடங்கு. நான்காம் அடுக்கு எடுத்தால் எட்டு மடங்குச் சேதம். மூன்று ஓவர்லோடு நடை 24 நடைக்குச் சமம். அளவாக ஏற்றிய ஐந்து நடை ஐந்தேதான். பிள்ளைகள் எதனால் ரோட்டின் நடுவுக்கு வருகிறார்கள்? ஓரம் நொறுங்கிப் பள்ளமாகிக் கிடப்பதால்தான்.

இன்னொன்றையும் யாரும் கவனிப்பதில்லை. தார்ப்பாய் போடாத லாரியிலிருந்து உதிரும் வெள்ளைத் தூளும் பொடிக் கல்லும் ரோட்டோர வடிகாலில் போய்ப் படியும். மழையில் அது களிபோல இறுகி, சிறுபாலத்தின் வாயை அடைக்கும். தண்ணீர் ரோட்டிலேயே தேங்கும். தேங்கிய நீர் தாருக்கும் ஜல்லிக்கும் இருக்கிற பிடிப்பை அவிழ்த்துவிடும். அதன்மேல் கனத்த அச்சு ஏறினால் ஒரே வாரத்தில் குழி. குழியை மட்டும் அடைத்துவிட்டு வடிகாலைத் தூர்வாராமல் போனால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி குழி விழும். இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது.

கருங்கல்

தூசி என்று பொதுவாகப் பேசுகிறோம், எல்லாத் தூசியும் ஒன்றல்ல. வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். அது ஊடுருவிக் கிடக்கும் டூனைட்டில் படிகச் சிலிக்கா மிகக் குறைவு. கண் எரியும், இருமல் வரும், பயிரின் இலையை மூடும். சேர்வராயன் மலையின் பாறை வேறு, சார்னோகைட். அதில் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா, உண்டு. அதை உடைக்கும் கிரஷர் தூசியைப் பல ஆண்டு சுவாசித்தால் நுரையீரலில் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் திரும்பாது. ஆகவே ஜல்லி, எம்-சாண்ட் லாரிகளின் தார்ப்பாயைத்தான் முதலில் கறாராகப் பார்க்க வேண்டும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது அந்த நுண்தூசியைத் தடுக்காது.

தண்ணீர் தெளிப்பதற்கும் அளவு இருக்கிறது. சதுர மீட்டருக்கு அரை லிட்டர் என்றாலும் 7 மீட்டர் அகல ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு 3,500 லிட்டர் வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் அது வெகு சீக்கிரம் உலர்ந்துவிடும். நாளுக்கு ஒரு டேங்கர் அடித்தேன் என்று கணக்குக் காட்டுவது பயனில்லை. குவாரி வாசலிலேயே சக்கரத்தைக் கழுவிவிட்டால் ரோட்டுக்கு வரும் மண் பெரும்பகுதி நின்றுவிடும். அந்தக் கழுவு நீரை ஓடையில் விடாமல் தொட்டியில் தெளிய வைத்து மறுபடி பயன்படுத்த வேண்டும்.

நகரமலை அடிவாரம்

வடிகால் விஷயம் எனக்குப் புதிது, ஏற்கிறேன். ஆனால் எடையைச் சோதிக்க யாருக்கு என்ன அதிகாரம்? அது தெரியாமல் எடைக் கட்டுப்பாடு என்பது வெறும் வார்த்தை.

டிப்பர் கணக்கு

அதிகாரம் சட்டத்துலயே இருக்குங்க. மோட்டார் வாகனச் சட்டம் 114வது பிரிவு. ஓவர்லோடுன்னு சந்தேகம் வந்தா, போற வழியில 10 கிலோமீட்டருக்குள்ளயோ, சேருற இடத்துல இருந்து 20 கிலோமீட்டருக்குள்ளயோ எடை மேடை இருந்தா அங்க கொண்டுபோய் எடை போடச் சொல்லலாம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் 194வது பிரிவுல அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்குத் தலா 2,000. நாலு யூனிட் வெள்ளைக்கல் ஏத்தின வண்டிக்கு 8 டன் கூடுதல், ஆக 36,000. கூடுதல் சரக்கை இறக்காம வண்டி நகரக் கூடாது. எடை போட மறுத்தா 40,000. ஓட்டுனவர் மட்டுமில்ல, ஓட்ட வெச்சவரும் பொறுப்புன்னு அந்தப் பிரிவு சொல்லுது. ஏத்திவிடுற இடத்தையும் கேள்வி கேட்கலாம்னு அர்த்தம்.

பணத்துக்கு மாவட்ட கனிம அறக்கட்டளை இருக்கு. 2015 ஜனவரி 12க்கு முன்னாடி கொடுத்த சுரங்கக் குத்தகைன்னா ராயல்டில 30 சதவீதம் அதுக்குப் போகணும். குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல், கல்விக்குத்தான் முன்னுரிமை, ரோடு வேலைக்குப் பங்கு குறைவு. அதனால ‘ரோடு போடுங்க’ன்னு மட்டும் மனு எழுதாதீங்க. வடிகாலையும் தூசித் தடுப்பையும் தனியா எழுதுங்க.

தார்ச்சாலை

கைவிட்ட குவாரிக் குழிகளையும் அதே மனுவில் சேருங்கள். மழைக்கு நிரம்பிய குழியில் பக்கம் செங்குத்தாக இருக்கும், கால் வைத்த உடனே ஆழம். நீந்தத் தெரிந்தவரும் ஏறிவர முடியாது. கம்பி வேலியைவிட, வெட்டிப் போட்ட கழிவுக் கல்லையே வரப்பாகக் குவித்து முள் நட்டால் அதை யாரும் எடுத்துப் போக மாட்டார்கள்.

நகரமலை அடிவாரம்

ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனுவாகக் கொடுக்கலாம். எடையும் தார்ப்பாயும் சேரட்டும். பள்ளி நேரத் தடை முதல் வரியில்தான் இருக்கும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். எடை மேடை சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு தடையைத் தளர்த்துவது பற்றிப் பேசலாம்.

டிப்பர் கணக்கு

வரிசையில எனக்கு உடன்பாடு இல்லைங்க. தடை போட்ட பிறகு அதிகாரிங்க எடையைத் தொட மாட்டாங்க, வேலை முடிஞ்சதுன்னு விட்டுடுவாங்க. ஆனாலும் மனுவுக்கு ஆதாரம் வேணும். லாரி நம்பர், நேரம், தார்ப்பாய் இருந்ததா, எத்தனை சக்கரம், சரக்கு பக்கப்பலகைக்கு மேல எவ்வளவு ஏறியிருந்தது, இதெல்லாம் குறிச்சு வைங்க. படம் எடுக்குறதுன்னா பின்னாடியில இருந்து எடுங்க. அப்பத்தான் நம்பர் பிளேட்டும் பின்டயர் பிதுங்குறதும் ஒரே படத்துல தெரியும்.